பனிவீடு மார்க்

கடிதத்தின் நடுவில் ஒரு சன்னல் இருந்தது.

செல்லத்துரை தாளைத் தூக்கிப் பிடித்தார். சன்னல் வழியாக எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டர் தெரிந்தது. காலண்டரில் பனிமலை, மலைத்தோளில் ஒரு மரவீடு, மூன்று சன்னல், கொஞ்சம் கோணலான புகைக்கூண்டு.

"ஏலே சோலைமுத்து, இது என்னலே ஓட்டை?"

தபால் வாங்கி வந்த பியூன் சோலைமுத்து தன் கால் பெருவிரலைப் பார்த்தான். "எலி கடிச்சிருக்கும் அண்ணாச்சி."

"எலி என்னலே, நாலு மூலையும் மட்டம் பிடிச்சுக் கடிக்குமா?"

"சீமையில இருந்துல்லா வந்திருக்கு. அந்த ஊரு எலி எப்படிக் கடிக்குமோ, யார் கண்டா?"

கோவில்பட்டியில் சங்கிலிப்பாண்டி முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸில் செல்லத்துரை பத்தொன்பது வருஷமாகக் கிளார்க். எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதத்து அந்த நாள் வரைக்கும் அங்கே வந்த வெளிநாட்டுக் கடிதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் உறையில் வந்தவை. இதற்கு உறை கிடையாது. ஒரே நீலத்தாள், உள்ளே எழுதி, மடித்து, ஒட்டி, வெளியே விலாசமும் தபால்தலையும். தபால்தலை இருக்க வேண்டிய இடத்தில்தான் சன்னல்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் சோலைமுத்து உண்மையைச் சொல்லியிருப்பான். அதற்குள் உள்ளறையிலிருந்து முதலாளியின் குரல் வந்துவிட்டது.

"ஏம்வே செல்லத்துரை, சீமைக் காயிதம் வந்திருக்காமே? வாசியும், கேப்போம்."

ஆபீஸிலேயே இங்கிலீஷ் தெரிந்தவர் செல்லத்துரை ஒருவர்தான். அந்த ஒரு பெருமையில்தான் அவருக்கு மேசையும், மேசைக்கு மேலே ஒரு மின்விசிறியும். ஓட்டை விழுந்த கடிதத்தை முதலாளியிடம் காட்ட அவருக்கு மனசு வரவில்லை. கட்டைவிரலை ஓட்டையின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு, தமிழாக்கி வாசித்தார்.

"ஐயா, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் எங்கள் ஊர் வாத்தியார். மலையேற வந்த ஒருவர் சுருட்டுப் பற்றவைக்க ஒரு தீப்பெட்டியை எடுத்தார். அதன்மேல் இருந்தது எங்கள் வீடு. முப்பத்தொரு வருஷம் நானும் என் மனைவியும் மலையேறிகளுக்குச் சூப்பும் படுக்கையும் கொடுத்த வீடு. பெட்டி அவரோடு போய்விட்டது. உங்கள் விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டேன்."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெலாசத்த எழுதிக்கிட்டானா? எதுக்கு?"

"சொல்லுதேன் மொதலாளி. உங்கள் ஓவியர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் வருவார்கள். ரயில் முடிகிற ஊரில் இறங்கி, மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் ரோடு முடிகிற வரை வந்து, மரப்பாலத்தைக் கடந்து, பாறைகளில் தீட்டியிருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே நாலு மணி நேரம் ஏற வேண்டும். மூட்டம் போட்டால் பயப்பட வேண்டாம். கால்மணிக்கு ஒருதரம் என் மனைவி மணி அடிப்பாள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிடலாம்."

இந்த இடத்தில் செல்லத்துரையின் குரல் தானாக இறங்கிவிட்டது. ஆறு வருஷம் முன்பு, சாயம் விற்க வந்த ஏஜெண்டிடம் அந்தக் காலண்டரைக் கேட்டு வாங்கியவர் அவர்தான். 'இதையே லேபிளா போடுவோம், பனிவீடு மார்க்னு' என்று சொன்னவரும் அவர்தான். அந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர் பலமுறை யோசித்ததுண்டு. இப்போது வீட்டுக்காரனே வழி சொல்கிறான்.

"மேல வாசியும்வே. என்ன கேக்கான்?"

மேலேதான் சன்னல். நாலு வரி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் காணோம். 'வழி இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால்' ஓட்டை. 'போன பனிக்காலத்தில்' ஓட்டை. 'ஆகவே நான் உங்களிடம் கேட்பது' ஓட்டை, 'மட்டும்'. 'என் மனைவிக்கு' ஓட்டை.

செல்லத்துரை நாகலாபுரம் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே வாத்தியார் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும்போது, 'எதையாவது எழுதுங்கலே, வெறுமனே விட்டவனுக்கு முட்டை' என்பார். செல்லத்துரை ஒரு நாளும் வெறுமனே விட்டதில்லை. அன்றும் விடவில்லை.

"வழி இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால் நீங்கள் அனுமதி கேட்கவில்லை. போன பனிக்காலத்தில் வக்கீலைப் பார்த்தேன். ஆகவே நான் உங்களிடம் கேட்பது நியாயம் மட்டும். என் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது."

கடைசி வரியை நிரப்பும்போது, வீட்டில் தன் பெண்சாதி பெத்தம்மாளை நினைத்துக்கொண்டதில் பேனா எடுக்காமலே பதில் வந்துவிட்டது.

முதலாளிக்கு வேர்த்தது. "நியாயம் மட்டுமா? அப்ப கேஸுதான். காசு கேட்டான்னாகூட பேசிப் பாக்கலாம். நியாயம் கேக்கிறவன்கிட்ட என்னத்தப் பேச?"

"மொதலாளி..."

"காலண்டரைக் கொண்டாந்தது நீரு. மார்க்குக்குப் பேரு வச்சது நீரு. இத ஒழுங்கா முடிச்சுவையும். முடியலைன்னா மேசையைக் காலி பண்ணிரும்."

செல்லத்துரைக்கு நாற்பத்தாறு வயது. இனி எந்த ஆபீஸில் மேசை கிடைக்கும்?

இரண்டு நாள் யோசித்து, எட்டுப் பாராவில், பாராவுக்கு எண் போட்டுப் பதில் எழுதினார். படத்தில் இருப்பது உங்கள் வீடல்ல. எங்கள் வீடு. நாகலாபுரம் போகும் வழியில் வெள்ளாட்டுக் கரடு என்று ஒரு மலை உண்டு. அதன் உச்சியில் இருக்கிறது. நம்பிக்கை வருவதற்காக ஆறாவது பாராவில் வழியும் சொன்னார். கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கி, நாகலாபுரம் பஸ் ஏறி, ஓடைப்பாலத்தில் இறங்கி, பாறையில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்து ஏற வேண்டும். யாரும் வந்துவிடக் கூடாதே என்று, 'ஏற்றம் நாலு மணி நேரம், மிகவும் கடினம்' என்று சேர்த்தார். கரட்டில் ஏற இருபது நிமிஷம் ஆகும். ஆடு என்றால் பத்து.

மலையில் பிறந்தவனிடம் நாலு மணி நேர ஏற்றம் என்று சொல்வது எவ்வளவு பெரிய அழைப்பு என்று கரிசல்காட்டில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்?

ஐப்பசியில் தந்தி வந்தது.

'அதே போல் வீடு என்றறிந்து மிக்க மகிழ்ச்சி. மனைவியுடன் வருகிறேன். ஜனவரி இருபது.'

முதலாளி தந்தியைத் தொடவே இல்லை. "மகிழ்ச்சின்னு போட்டிருக்கானா? அதுதான்வே பயமா இருக்கு. கையும் களவுமா பிடிக்க வாராவ. நீரு எழுதின வீடு அங்கன இருக்கணும். இருபதாந்தேதிக்குள்ள."

அப்படித்தான் வெள்ளாட்டுக் கரட்டின் உச்சியில் ஒரு பனிவீடு எழும்பியது.

தீப்பெட்டி ஆபீஸுக்குச் சரக்குப் பெட்டி அடிக்கிற ஆசாரி செண்பகராஜ் பொறுப்பேற்றார். பலகைக்குக் குறைவில்லை. லேபிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மூன்று சன்னல் வைத்தார். நாலாவது நாள் காற்று வந்து வீட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது.

"புகைக்கூண்டு மட்டும்தானே கோணலா இருக்கணும், ஆசாரி? வீடே கோணிட்டே!" என்றார் செல்லத்துரை.

"வீடு கோணினதுல இப்ப கூண்டு நேராயிட்டு, கவனிச்சீங்களா?"

"கூரையில பனி வேணுமே."

"சுண்ணாம்ப அடிங்க. எங்க ஊருல பனி இப்படித்தான் இருக்கும்னு சொல்லிருங்க."

பாறையில் பட்டை தீட்டும் வேலையைச் செல்லத்துரையே செய்தார். இருபது நிமிஷ ஏற்றத்தை நாலு மணி நேரமாக நீட்ட வேண்டும். அதற்கு ஒரே வழிதான். கரட்டைச் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிற மாதிரி, எழுபத்திரண்டு பாறைகளில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை போட்டார். கடிதத்தில் இருந்த மணியையும் மறக்கவில்லை. வாசலில் ஒரு வெண்கல மணியைக் கட்டினார்.

நம் ஊரில் பாறையில் காவியும் வெள்ளையும் அடித்து, உச்சியில் மணியும் கட்டினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஒரு பாறைக்கு முன்னால் தேங்காய் உடைத்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, அக்கம்பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வில்வண்டிக் கூட்டம் வந்து, எழுபத்திரண்டு பட்டைகளையும் தொட்டுக் கும்பிட்டபடி கரட்டைச் சுற்றி ஏறியது.

"இது சாமி இல்ல தாயி. வீடு," என்றார் செல்லத்துரை.

"சாமிக்கு வீடு வேண்டாமாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் ஒரு ஆச்சி.

மார்கழிக் கடைசியில் முதலாளியே கரட்டுக்கு வந்தார். ஒரு கையில் லேபிள், எதிரே வீடு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்வே, இது எதுல அது மாதிரி இருக்கு?"

"சன்னல் மூணு, மொதலாளி."

"சன்னல் மூணு என் மாட்டுக்கொட்டகையிலயும் இருக்கு. படத்தையும் வீட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தான்னா ஜெயிலுதான். வீட்ட மாத்த இனி நேரமில்ல. படத்த மாத்திரும். ஒரு லேபிள்கூட ஊருல இருக்கக் கூடாது."

செல்லத்துரை ஒரு பட்டியல் போட்டார். கட்டுக் கட்டாக இருந்த லேபிள்கள். அச்சகத்தில் இருந்த, லேபிள் அச்சடிக்கும் பிளாக்கு. கடைகளில் கிடந்த பெட்டிகள். சைக்கிளில் கடை கடையாகப் போய் வாங்கினார். எட்டயபுரம் ரோட்டில் ஒரு பீடிக்காரர் பையிலிருந்து எடுத்த பெட்டியைக்கூட, புதுப்பெட்டி ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, குச்சியில கோளாறா?"

"படத்துல கோளாறு."

"படத்தையா பத்தவைக்கப் போறேன்?"

ஆபீஸுக்குப் பின்னால் பொட்டலில் எல்லாவற்றையும் குவித்து எரித்தார்கள். ஒவ்வொன்றாகப் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வந்த செல்லத்துரை, கடைசி வரியில் நின்றார். 'காலண்டர், ஒன்று.' அதையும் அவர்தான் எழுதியிருந்தார். வேறொருவராக இருந்தால் சுருட்டிச் சட்டைக்குள் ஒளித்திருப்பார். பட்டியல் போட்டுப் பழகிய கைக்கு அது வரவில்லை. காலண்டரைத் தீயில் வைத்து டிக் அடித்தார். மூன்று சன்னலும் முதலில் சிவந்தன. உள்ளே யாரோ விளக்கு ஏற்றினதுபோல.

லேபிள் ஒட்டும் வேலுத்தாய், சோலைமுத்துவின் பெண்சாதி, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல படம், அண்ணாச்சி. ஒட்டும்போதே குளுகுளுன்னு இருக்கும்," என்றாள்.

புது லேபிள் இரட்டைக்கிளி மார்க்.

தந்தியில் சொன்ன நாளில், தை ஆறாம் தேதி, அவர்கள் வந்து இறங்கினார்கள். வக்கீல் யாரும் கூட வரவில்லை. எழுபது வயதுக் கிழவர், கையில் கம்பு. பக்கத்தில் அதே வயதுக் கிழவி, தலையில் பூப்போட்ட துணி. இங்கிலீஷில் அவர்களுக்குத் தெரிந்தது 'நன்றி', 'நல்லது' இரண்டும்தான். செல்லத்துரை மனப்பாடம் செய்து வைத்திருந்த பதினான்கு விளக்கங்களும் வீணாகப் போயின.

ஓடைப்பாலத்தில் இறங்கி வரப்பில் நடந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த கரிசல் கிழவரின் பூட்ஸை இரண்டு மடங்கு கனமாக்கியது. முதல் பாறையில் பட்டையைக் கண்டதும் கிழவர் நின்றார். தொப்பியைக் கழற்றினார். கிழவியின் தோளைத் தொட்டுப் பட்டையைக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் மடமடவென்று ஏறத் தொடங்கினார்கள். செல்லத்துரைக்குத்தான் மூச்சு வாங்கியது.

முதல் சுற்றில் ஒரு ஆட்டுக்காரர் உட்கார்ந்து கேப்பைக்களி தின்றுகொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் கை கழுவினார். மூன்றாம் சுற்றில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கிழவர் குனிந்து அவரைப் பார்த்தார், செல்லத்துரையைப் பார்த்தார். கரட்டின் உச்சியையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டார். செல்லத்துரை அவசரமாக அடுத்த பட்டையைக் கைகாட்டிவிட்டு முன்னால் நடந்தார். 'கண்டுபிடிச்சிட்டான். கேஸுல எழுதிக்கிடுவான்.'

உச்சியில் கூட்டம். பொங்கல் கொதித்தது. சாய்ந்த வீட்டின் வாசலில் மாலை தொங்கியது. கூரையில் சுண்ணாம்பு வெயிலுக்குக் கண்ணைக் கூசியது. எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்ததைக் கண்டு கிழவியும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனாள். சுவரைத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சன்னல்களைத் தொட்டாள். மணியைக் கண்டதும் கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கயிற்றைப் பிடித்து அடித்தாள். மூன்று தரம் அடித்து, காது கொடுத்துக் கேட்பதுபோலக் கொஞ்சம் நின்று, மறுபடி மூன்று தரம். அடித்துக்கொண்டே அழுதாள்.

"அருள் வந்துட்டுட்டி!" என்றது கூட்டம். ஒரு ஆச்சி அவள் நெற்றியில் திருநீறு பூசினாள். கூட்டத்தில் நின்ற வேலுத்தாய் ஓடிப்போய், சேலைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கிழவர் செல்லத்துரையைத் தனியே அழைத்தார். ஒரு கையை மூடி, மறுகையால் அதன்மேல் குச்சி உரசுவதுபோல ஜாடை காட்டினார். விரலால் காற்றில் சதுரம் போட்டு, அதற்குள் ஒரு கூரை போட்டார். நெஞ்சில் கை வைத்துக் கேட்டார்.

'சாட்சிக்குப் பெட்டி கேக்கான்' என்று செல்லத்துரை புரிந்துகொண்டார். தயாராக வைத்திருந்த இரட்டைக்கிளியை எடுத்து நீட்டினார்.

கிழவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். அடிப்பக்கம் பார்த்தார். உள்பெட்டியைத் தள்ளிப் பார்த்தார். மறுபடி காற்றில் கூரை வரைந்தார்.

"இல்லை," என்றார் செல்லத்துரை இங்கிலீஷில், தெளிவாக, தலையையும் ஆட்டி. "அப்படி ஒன்று எங்களிடம் எப்போதும் இருந்ததில்லை." படத்தில் இருப்பது எங்கள் வீடு என்று தானே எழுதி அனுப்பியது அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

கிழவர் கட்டைவிரலால் கிளிகளை ஒருதரம் தடவினார். பிறகு பெட்டியைச் சட்டைப்பையில் வைத்து, பொத்தான் போட்டார். "நன்றி. நல்லது," என்றார்.

சாயங்கால வண்டியில் அவர்கள் ஏறிப் போனார்கள். முதலாளி ஸ்டேஷனுக்கே வந்து, நாலு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பினார். வண்டி மணியாச்சிப் பக்கம் திரும்பி மறைந்ததும் செல்லத்துரையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஜெயிச்சிட்டோம்வே! உம்ம மேசைய இனி எவனும் அசைக்க முடியாது."

மறுநாள் செல்லத்துரை அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றியது. எதிர்ச்சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வேலுத்தாய் வந்து நின்றாள். பின்னால், கால் பெருவிரலைப் பார்த்தபடி சோலைமுத்து.

"அண்ணாச்சி, ஏசக் கூடாது. அன்னைக்கு அந்தச் சீமைக் காயிதத்துல ஸ்டாம்பு அழகா இருந்துச்சுன்னு இவிய எனக்காவ வெட்டிட்டு வந்துட்டாவ. நான் சுருக்குப்பையில வச்சிருந்தேன். நேத்து அந்தம்மா அழுததப் பாத்ததுல இருந்து மனசு கேக்கல. அவிய ஊரு மலைதானே போட்டிருக்கு? தபால்ல போட்டு அவியளுக்கே அனுப்பிருங்க."

வெற்றிலைக்கறை படிந்த நீலச்சதுரம் ஒன்றை மேசையில் வைத்தாள். முன்பக்கம் ஒரு பனிமலை. செல்லத்துரை திருப்பினார். பின்பக்கம் நாலு வரி, பொடி எழுத்தில்.

கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்து, சன்னலில் அந்தச் சதுரத்தைப் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. சுட்டுவிரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

வழி இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால் வீடு இல்லை. போன பனிக்காலத்தில் சரிந்து வந்த பனி, வீட்டையும் எங்களிடம் இருந்த படங்களையும் கொண்டுபோய்விட்டது.

விரல் மூன்றாவது வரியைத் தாண்டி நாலாவதற்குப் போனது. என் மனைவிக்கு அதை இன்னும் ஒருதரம் பார்க்க வேண்டும். விரல் திரும்ப மூன்றாவது வரிக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன அண்ணாச்சி அப்படி உக்காந்துட்டிய? ரொம்பப் பெருசா கேட்டிருக்காவளோ?"

செல்லத்துரை வெளுத்த சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தீப்பெட்டி."

வேலுத்தாய் சோலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பசை காய்ந்த தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள்.

"ஒண்ணுதானா அண்ணாச்சி? அந்த வீட்ட நான் நாளைக்கு ஆயிரம் ஒட்டிக்கிட்டு இருந்தேனே!"